பட்டு வேண்டாத மிட்ஃபீல்டர்

தெருப்பாவு போடும்போது சண்டை போடக் கூடாது என்பது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எழுதாத சட்டம். தெரு நீளத்துக்குப் பட்டிழையை நீட்டிக் கட்டி, இந்த முனையை ஒருவர் இழுத்துப் பிடிப்பார், அந்த முனையை இன்னொருவர். கோபத்தில் யாராவது கையை விட்டால் மூன்று புடவைக்கான இழை மண்ணில் கிடக்கும்.

ஆனால் அன்றைக்குக் காலையில் இந்த முனையில் நான், அந்த முனையில் பூவராகவன். பேச்சோ கால்பந்தைப் பற்றி. சட்டம் பாவம், அது என்ன செய்யும்.

எங்கள் குழுவுக்குப் பாலாறு மகளிர் கால்பந்துக் குழு என்று பெயர். வெறுமனே பாலாறு என்போம். செவிலிமேட்டு மைதானத்தில் ஆடுகிற பெண்கள். ரசிகர்களான நாங்கள் பெரும்பாலும் தறிக்காரர்கள், சாயக்காரர்கள். ஆற்றில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, பாலாறு ஆடுகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் தறிச் சத்தம் கேட்காது. மைதானத்தில் என் டிரம் சத்தம்தான் கேட்கும்.

பூவராகவன் ரசிகர் மன்றத் தலைவர். பட்டுக்குச் சாயம் போடுகிறவர். முழங்கை வரை எப்போதும் அரக்கு நிறத்தில் இருப்பார். வாய்க்குப் பூட்டு கிடையாது. எனக்கும் கிடையாது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதனால்தான் எங்கள் இருவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு தெரு தூரம் இருப்பது நல்லது.

"தையலு, நான் சொல்றத கோவப்படாம கேளு" என்றார் அந்த முனையிலிருந்து.

கோபப்படாமல் கேள் என்று ஆரம்பிக்கிறவர் கோபம் வருகிற மாதிரிதான் பேசுவார்.

"சீசன் முடியப் போவுது. இன்னும் ஒரே ஒரு ஆளத்தான் பதிவு பண்ண முடியும்னு கோச் அர்ஜுனன் சார் சொல்லிட்டாரு. அதுல ஒரு நல்ல ஸ்ட்ரைக்கர எடுத்துடணும்."

"ஸ்ட்ரைக்கர்தான் இருக்குதே" என்றேன்.

"எங்க இருக்குது? இந்த சீசன்ல போட்ட கோல் ஒண்ணு காட்டு."

அந்த ஸ்ட்ரைக்கர் என் மகள் ஜெயப்ரியா. ஒன்பதாம் நம்பர். இந்த சீசனில் அவள் ஒரு கோலும் போடவில்லை என்பது உண்மை. அது உண்மை என்பதால்தான் எனக்கு அவ்வளவு எரிந்தது.

"பந்து வந்தாதானேண்ணா கோல் போடும். ஊடை இல்லாம வெறும் பாவ வெச்சுக்கினு நீ புடவ நெய்துடுவியா? முன்னாடி ஆளு இருக்குது, பின்னாடி ஆளு இருக்குது. நடுவுல குறுக்க ஓடி ரெண்டையும் சேக்கறதுக்கு ஆளு இல்ல. நமக்கு வேண்டியது மிட்ஃபீல்டரு."

"பெத்தவ அப்படித்தான் பேசுவா."

"பெத்தவன்னா கண்ணு அவிஞ்சு போயிடுமா?"

பாவு என் பக்கம் ஒரு முழம் வந்தது. அவர் பக்கம் ஒரு முழம் போனது. நடுவில் குனிந்து இழையைச் சரிசெய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் சீனிவாசன் நிமிர்ந்தார். "இழுக்கறது இழுங்க, பேசறது பேசுங்க. ரெண்டையும் ஒண்ணா பண்ணாதீங்க, நூலு அறுந்துடும்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அவர் ஒரு நாளைக்குப் பேசுவது அவ்வளவுதான்.

டீ கிளாஸோடு சுற்றி நின்றிருந்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கோல் போட ஆள் இல்லாவிட்டால் நடுவில் யார் இருந்தும் என்ன என்றது ஒரு கூட்டம். நடுவில் ஓட்டை இருந்தால் முன்னால் யாரை நிறுத்தியும் என்ன என்றது இன்னொன்று. ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பாதுரை இரண்டுக்கும் தலையாட்டினார். யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் கட்சி அவர்.

"சரி, உன் மிட்ஃபீல்டரு யாரு? அதயும் சொல்லு" என்றார் பூவராகவன்.

"தென்னேரிப் பொண்ணு. நிரஞ்சனா. வாலாஜாபாத்துல காலேஜ் மேட்ச்ல பாத்தேன். தலய நிமித்திக்கினே ஆடறா. பந்து கால்ல வர்றதுக்கு முன்னாடியே அது எங்க போவணும்னு அவளுக்குத் தெரியுது."

"தென்னேரில ஏரி இருக்குது, நெல்லு இருக்குது. கால்பந்து எங்கம்மா இருக்குது?"

கூட்டம் சிரித்தது. அப்பாதுரையும் சிரித்தார்.

அந்த நேரத்துக்குத்தான் கோச் அர்ஜுனன் சார் பைக்கில் வந்து நின்றார். பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். பனியனும் வண்டியும் சாப்பாடும் ரசிகர்கள் ஏற்பாடு என்பதால், யாரை எடுப்பது என்றாலும் எங்களைக் கேட்காமல் செய்ய மாட்டார். "அந்தப் பொண்ண நானும் பாத்திருக்கேன். நல்லா ஆடும்" என்றார். "ஆனா ஒண்ணு. கடைசி மேட்ச்ச ஜெயிச்சாத்தான் நாம முதல் டிவிஷன்ல இருப்போம். டிரா பண்ணாக்கூட கீழதான். பாத்து முடிவு பண்ணுங்க."

பூவராகவன் பாவு முனையை மரக்கட்டையில் சுற்றிக் கட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் நடந்து வந்தார்.

"சரி தையலு. உன் மிட்ஃபீல்டரயே எடுப்போம். ஆனா அவ வந்தும் கடைசி மேட்ச்ல உன் பொண்ணு கோல் போடலன்னா, அடுத்த சீசன் ஒன்பதாம் நம்பர் பனியன் வேற ஆளுக்கு. நீ மூச்சு விடக் கூடாது."

"விடமாட்டேன்" என்று சொன்னேன். யோசித்துச் சொன்னேன் என்று இப்போது பொய் சொல்ல மாட்டேன். வாய் முந்திக்கொண்டது.

திரும்பினால் வாசலில் ஜெயப்ரியா. பயிற்சிக்குக் கிளம்பி ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என் பனியன வெச்சு நீ பந்தயம் கட்டறியாம்மா?" என்றாள். சத்தம் போடவில்லை. என் மகள் சத்தம் போட்டால் எனக்குப் பயமில்லை. சத்தம் போடாமல் கேட்டால்தான் பயம். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து ஒரு பெண்ணை எடுத்தால், ரசிகர்கள் பூ, பழத்தட்டோடு அவள் வீட்டுக்கே போய், ஒரு பட்டுத் துண்டை அவள் தோளில் போட்டுவிட்டு வருவோம். கையெழுத்தெல்லாம் பிறகு. துண்டு விழுந்தால்தான் அவள் பாலாறு. சாயம் போடுவது பூவராகவன், நெய்வது நான், தலைவர் என்ற முறையில் தோளில் போடுவதும் அவர்தான். உள்ளூர்ப் பெண்களுக்கு இது கிடையாது. அவர்கள்தான் பிறந்ததிலிருந்தே பாலாறு ஆயிற்றே, அவர்களை எங்கே போய் அழைத்து வருவது. ஜெயப்ரியா அந்த மைதானத்தில் எத்தனையோ பேர் துண்டோடு வந்து நிற்பதைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறாள். அவள் தோளில் ஒன்று விழுந்ததில்லை.

இந்த முறை துண்டை நான் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்துப் பார்த்து நெய்தேன். அரக்கு உடல், இரண்டு பக்கமும் தங்க ஜரிகைக் கரை, கரையில் யானை. அந்தத் துண்டின் மேல்தான் என் மகளின் பனியன் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டே ஊடை ஓட்டும் நாடாவைத் தள்ளினேன். பூவராகவனே பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் மற்றவர் கையால் மாலை விழுந்த மாதிரி.

அப்பாதுரையின் ஆட்டோவில் தென்னேரிக்குப் போனோம். நான், பூவராகவன், மடியில் தட்டு. தட்டில் வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, மல்லிகைச் சரம், மேலே பட்டு. ஊருக்குள் நுழைந்ததுமே தெருவில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். இந்தக் கோலத்தில் போனால் யார்தான் கால்பந்து என்று நினைப்பார்கள்.

"நிரஞ்சனா வீடா? நேரா போங்க" என்று வழி சொன்ன அம்மா, ஆட்டோவுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "மாப்பிள்ள எங்க, பின்னாடி வர்றாரா?"

அப்பாதுரை புதுச் சட்டை போட்டிருந்தார். அவருக்கு ஐம்பது வயது, இரண்டு பேரப்பிள்ளைகள். அந்தக் கேள்விக்கு அவர் வெட்கப்பட்டதைப் பார்க்க வேண்டும்.

நிரஞ்சனாவின் அப்பா நேமிநாதன் ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கிறவர். ஜைனக் குடும்பம். பக்கத்து வீட்டுக்காரர்கள் நைனார் என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். விஷயம் கல்யாணம் இல்லை, பந்து என்று தெரிந்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கல்யாணம்னா நான் யோசிக்கணும். இதுக்கு என்ன யோசனை" என்றார்.

அவர் மனைவி குணமாலா எங்களை உட்காரவே விடவில்லை. "முதல்ல சாப்பிட்டுடுங்க. பொழுது சாஞ்சா நாங்க சாப்பிடறதில்ல, அடுப்பும் பத்த வெக்கறதில்ல. வந்தவங்கள பட்டினியா அனுப்பினா நல்லாருக்குமா?" என்று இலை போட்டார். எலுமிச்சை சாதம், பூசணிக் கூட்டு. வெயில் இருக்கும்போதே இரவுச் சாப்பாடு சாப்பிட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. பூவராகவன் மூன்று முறை சாதம் வாங்கிக்கொண்டார். எல்லாம் நன்றாகத்தான் போனது.

பிறகு அவர் எழுந்து, கையைத் துடைத்து, தட்டிலிருந்து துண்டை எடுத்து உதறி விரித்தார். மாலை வெயிலில் ஜரிகை மின்னியது. என் நெஞ்சு நிமிர்ந்தது.

நிரஞ்சனா ஓர் அடி பின்னால் போனாள்.

"மன்னிச்சுக்குங்க. அது வேணாம்."

"எது வேணாம்?" என்றார் பூவராகவன், துண்டை விரித்தபடியே.

"பட்டு."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். காஞ்சிபுரத்தில் பிறந்த இரண்டு பேருக்கு அந்தச் சொல் புரிய நேரமாகும். மரியாதை என்றால் பட்டு, சாமி என்றால் பட்டு, கல்யாணம் என்றால் பட்டு. ஒருவரைப் பெருமைப்படுத்தப் போகும்போது வேறு எதையாவது கொண்டுபோகலாமா என்று கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றியதில்லை. ஜைனர் வீடு என்று தெரிந்துதான் போனோம். கறி சாப்பிட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் என் புத்தி போகவில்லை.

குணமாலாதான் மெதுவாகச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்கமா. கூட்டுப் புழுவ கொதிக்கற தண்ணில போட்டுத்தானே நூல் எடுக்கறாங்க. அதனால எங்க வீட்ல பட்டு உடுத்தறதில்லன்னு விரதம். எங்க ஜனங்கள்லயே உடுத்தறவங்க இருக்காங்க. நாங்க வேணாம்னு இருக்கோம். உங்க தொழில நான் ஒரு வார்த்த குறை சொல்லல."

குறை சொல்லவில்லைதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. புழுவை நான் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு வருவது நூல். அந்த நூலில்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது, என் மகள் காலில் ஷூ ஏறுகிறது. அந்தத் துண்டில் யானை போட நான் எவ்வளவு கண்ணைக் கெடுத்துக்கொண்டேன் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா?

பூவராகவன் துண்டை மடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "பட்டு வேணாம்னா பாலாறு எதுக்குமா உனக்கு? நாங்க பட்டுக்காரங்க. வா தையலு, போவலாம்."

நானும் எழுந்துவிட்டேன். வாசல் வரை வந்துவிட்டேன். அப்போதுதான் அந்தப் பெண் என் பின்னால் வந்தாள்.

"ஆன்ட்டி, எனக்கு உங்க டீம்ல ஆடணும்" என்றாள். "செவிலிமேட்டுக்கு வந்து உங்க மேட்ச் எல்லாம் பாத்திருக்கேன். உங்க ஒன்பதாம் நம்பர் இருக்காங்களே, அவங்க ஓடறத யாருமே பாக்கறதில்ல. டிஃபென்ஸுக்குப் பின்னாடி சரியான இடத்துக்கு ஓடறாங்க, கைய தூக்கறாங்க, பந்து வரல. மறுபடியும் ஓடறாங்க. எனக்குக் கால் அரிக்கும் ஆன்ட்டி. அந்த பாஸ் எனக்குத் தெரியுது."

ஒன்பதாம் நம்பர் என் மகள் என்பது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. ஒரு சீசன் முழுக்க என் பிள்ளை ஓடியதைப் பார்த்தது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வருகிற வழியெல்லாம் ஆட்டோவில் சண்டை. "காஞ்சிபுரத்துக் குழுவுக்குப் பட்டத் தொடமாட்டேன்னு சொல்றவளா? ஊரு சிரிக்கும்" என்றார் பூவராகவன். "பட்டா பந்து ஆடப் போவுது?" என்றேன் நான். "ஆமா, பட்டா ஆடப் போவுது?" என்றார் அப்பாதுரை, முன் சீட்டிலிருந்து. பூவராகவன் முறைத்ததும், "அதுக்குன்னு வழக்கத்த விட முடியுமா" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

"துண்டு போடாம எவளும் பாலாறு இல்ல. நான் போடமாட்டேன். இது எங்கிட்டயே இருக்கட்டும்." தெரு முனையில் இறங்கியதும் தன் ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கி, பெட்டிக்குள் துண்டை வைத்துப் பூட்டினார். "இது ஒரு ஸ்ட்ரைக்கர் தோள்லதான் விழும். அடுத்த சீசன்ல, யாருன்னு நான் பாத்துக்கறேன்."

வீட்டில் ஜெயப்ரியா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பேசாத பிள்ளையிடம் நானே போய் உட்கார்ந்தேன். துண்டு கதையைச் சொல்லவில்லை. அந்தப் பெண் சொன்னதை மட்டும், ஒரு வார்த்தை கூட்டாமல் சொன்னேன். அவள் கை தட்டிலேயே நின்றது.

"பின்னாடி ஓடறத பாத்தாளா அவ?"

"பாத்தாளாம்."

"கைய தூக்கறதக் கூடவா?"

"அதையும்தான்."

கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, "அவள எப்படியாவது கூட்டிக்கினு வாம்மா" என்றாள். அத்தனை நாள் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவை. அதற்குப் பிறகு எனக்குப் பட்டாவது ஜரிகையாவது.

துண்டு போடாமல் பாலாறு இல்லை என்கிறார் தலைவர். பட்டுத் துண்டு என்று எந்தச் சாமி சொன்னது? என் சின்னம்மா வீட்டில் பருத்தி நெய்கிற நூல்தறி இருக்கிறது. மறுநாளே போய் உட்கார்ந்தேன். பட்டு வழுக்கிக்கொண்டு வரும். பருத்தி அப்படி இல்லை, மாமியார் மாதிரி, கேட்டுக் கேட்டு நின்று நிதானமாகத்தான் வரும். ஆரம்பத்தில் இழை அறுந்துகொண்டே இருந்தது. என் கைக்கே நான் புதுசாகிப் போனேன். சின்னம்மா சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை.

அரக்குச் சாயத்துக்குப் பூவராகவனிடம்தான் போனேன். கோபம் இருந்தாலும் ஊரில் அந்த அரக்கு அவர் கையில்தான் வரும். "என் சாயம் பருத்தில ஏறாது" என்றார், தலையைத் தூக்காமல். அது உண்மைதான். பட்டுச் சாயம் வேறு, நூல் சாயம் வேறு. ஆனால் அவர் சொன்ன விதத்தில் ஏறினாலும் போட மாட்டேன் என்பது இருந்தது. சரி போ என்று உடலை வெள்ளையாகவே விட்டேன். கரைக்கு மட்டும் கடையில் விற்கிற சிவப்பு நூல். யானை போடவில்லை. பருத்தியில் யானை போடுமளவுக்கு எனக்கும் பருத்திக்கும் பழக்கம் போதாது.

இதனால் நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது முடிந்த கையோடு என் பட்டுத் தறியில்தான் உட்கார்ந்தேன். அவர்கள் விரதம் அவர்களுக்கு, என் சோறு எனக்கு. ஒரு பெண்ணை வீட்டுக்கு அழைக்கும்போது அவள் உடுத்துகிறதைத்தானே கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

நான் போய்ச் சொன்னதும், பதிவுக்கு நாள் நெருங்கிவிட்டதால் துண்டுக்குக் காத்திருக்காமல் அர்ஜுனன் சார் பதிவை முடித்துவிட்டார். நிரஞ்சனா வாலாஜாபாத் வழியாகப் பஸ் மாறிப் பயிற்சிக்கு வந்தாள். ஜெயப்ரியாவும் அவளும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒருத்தி ஓடுவாள், இன்னொருத்தி அனுப்புவாள். பேச்சு அதிலேயே முடிந்துவிடும்.

கடைசி மேட்ச் ஞாயிற்றுக்கிழமை மதியம், உத்திரமேரூர் அணியோடு. எங்கள் தெருவே செவிலிமேட்டில் இருந்தது. சீனிவாசன்கூட வந்திருந்தார். தென்னேரியிலிருந்து நேமிநாதனும் குணமாலாவும் பெரிய பெரிய தூக்குகளோடு வந்து இறங்கினார்கள்.

ஆட்டம் தொடங்கும் முன் நான் பூவராகவனிடம் நூல் துண்டை நீட்டினேன். "தலைவரு நீதான். போடுண்ணா."

அவர் அதைத் தொடவில்லை. "நூல் துண்ட போடறதுக்கு நான் தலைவர் ஆவல" என்று சொல்லிவிட்டு, வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார்.

நானே போட்டேன். வெள்ளைத் துண்டு, சிவப்புக் கரை. கூட்டத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் பூவராகவனைப் பார்த்தார்கள். நிரஞ்சனா துண்டின் நுனியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மடித்து அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

முதல் பாதி என் வாழ்நாளில் நான் பார்த்த மோசமான ஆட்டம். அவர்கள் சீக்கிரமே ஒரு கோல் போட்டுவிட்டார்கள். அதை விடக் கொடுமை என்னவென்றால், நிரஞ்சனா அனுப்பிய முதல் நல்ல பாஸ் ஜெயப்ரியாவின் காலுக்கு அப்படியே வந்தது. எதிரில் கோல்கீப்பர் மட்டும்தான். என் மகள் அடித்தாள். பந்து கம்பத்துக்கு வெளியே போய் முள்ளுக்குள் விழுந்தது.

கூட்டம் உச்சுக்கொட்டியது. வேப்பமரத்தடியில் பூவராகவன் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன். டிரம் குச்சி என் கையில் கனத்தது. சீசன் முழுக்க வராத பாஸ் இன்று வந்துவிட்டதே, இனி யாரைக் குறை சொல்வது என்று மனசு அடித்துக்கொண்டது.

இடைவேளையில் ஜெயப்ரியா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் கிட்டே போகவில்லை. போனால் இரண்டு பேரும் அழுவோம். நிரஞ்சனா தண்ணீர் பாட்டிலோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். என்ன சொன்னாள் என்று பிறகுதான் ஜெயப்ரியா சொன்னாள். "நீ ஓடறத நிறுத்தாத, நான் அனுப்பறத நிறுத்தமாட்டேன்" என்றாளாம். அவ்வளவுதானாம்.

இரண்டாம் பாதியில் நடுக்களம் எங்கள் பக்கம் திரும்பியது. இடது பக்கம் போன பந்து நிரஞ்சனாவிடம் வந்து வலது பக்கம் போனது. வலது பக்கம் அடைத்தால் மறுபடி அவளிடம் வந்து இடது பக்கம் போனது. தறியில் நாடா போய் வருகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஓடி, பிரிந்து கிடந்த எங்கள் குழுவை அவள் ஒன்றாகச் சேர்த்துவிட்டாள். எங்கள் ஆட்கள் தலையாட்ட ஆரம்பித்தார்கள். அவள் அடித்த கார்னரில் எங்கள் டிஃபென்ஸ் பெண் ஒருத்தி தலையால் முட்டினாள். சமம்.

ஆனால் சமம் போதாது. சமம் என்றால் கீழ் டிவிஷன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஜெயப்ரியா ஓடினாள், கையைத் தூக்கினாள், பந்து வேறு பக்கம் போனது. திரும்பி வந்தாள். மறுபடியும் ஓடினாள். ரெஃப்ரீ கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது நடுக்களத்தில் நிரஞ்சனாவிடம் பந்து வந்தது. மூன்று பேர் அவளைச் சூழ்ந்தார்கள். அவள் ஜெயப்ரியா இருந்த பக்கமே பார்க்கவில்லை. எதிரணியும் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் ஓடத் தொடங்கிவிட்டாள். அந்தக் கணமே பந்தும் கிளம்பியது. இரண்டு டிஃபென்டர்களுக்கு நடுவில், ஒரு பந்து போவதற்கு மட்டுமே இருந்த இடத்தில் புகுந்து, ஜெயப்ரியாவின் காலடிக்கு முன்னால் போய் விழுந்தது.

"போடு" என்று யாரோ கத்தினார்கள். அது சீனிவாசன். இருபத்தைந்து வருஷத்தில் அவர் கத்தி நான் கேட்டதில்லை.

கோல்கீப்பர் பாய்ந்தாள். ஜெயப்ரியா இந்த முறை அவசரப்படவில்லை. பக்கவாட்டில் மெதுவாகத் தட்டினாள். பந்து உருண்டு, கோட்டைத் தாண்டி, வலையின் மூலையில் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. மைதானத்தில் யார் ரசிகர், யார் ஆட்டக்காரி என்று தெரியவில்லை. விசில் ஊதியது பாதிப் பேருக்குக் கேட்கவேயில்லை. அப்பாதுரை தெரியாத ஒரு மனிதரைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார். அவர் உத்திரமேரூர்க்காரர் என்று பிறகு தெரிந்தது. ஜெயப்ரியா என்னிடம் ஓடி வருவாள் என்று கையை விரித்து நின்றேன். அவள் என்னைத் தாண்டி ஓடி நிரஞ்சனாவைத் தூக்கிச் சுற்றினாள். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. நானாக இருந்தாலும் அவளிடம்தான் ஓடியிருப்பேன்.

கூட்டம் சற்று அடங்கியபோது பூவராகவனைக் காணவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். பார்த்தால், ஸ்கூட்டர் நிறுத்தியிருந்த பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். கையில் அந்த அரக்குப் பட்டு. நேராகப் பெண்கள் இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு நின்ற இடத்துக்கு வந்தார். மறுபடியும் அந்தப் பெண்மேல் பட்டைப் போடப் போகிறாரோ என்று எனக்குப் பகீரென்றது.

அவர் நிரஞ்சனாவிடம் குனிந்து, "நீ கொஞ்சம் தள்ளி நில்லுமா. இது உன் மேல உரசிடப் போவுது" என்றார்.

அவள் விலகி நின்றாள். அவர் துண்டை உதறி விரித்தார். யானைக் கரை மாலை வெயிலில் பளிச்சென்றது.

"இது ஸ்ட்ரைக்கர் தோள்லதான் விழும்னு சொன்னேன் இல்ல" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு ஜெயப்ரியாவின் தோளில், சேறும் வியர்வையுமாக இருந்த ஒன்பதாம் நம்பர் பனியன் மேல், இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும்படி நிதானமாகப் போட்டார்.

"இத்தினி வருஷமா நம்ம வீட்டுப் பொண்ணுன்னு சும்மா வெச்சுக்கினு இருந்தோம். இன்னிக்குத்தான் கண்ணு உன்ன அழைச்சுக்கினு வந்தோம்னு வெச்சுக்கோ."

ஜெயப்ரியா கரையில் இருந்த யானையை விரலால் தடவிப் பார்த்தாள். அது யார் கை யானை என்று அவளுக்குத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதுவரை எனக்குள் பிடித்து வைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்தது. டிரம் பக்கத்திலேயே கிடக்க, அதை அடிக்கவும் மறந்து நின்றேன்.

"பொழுது சாயறதுக்குள்ள வாங்க எல்லாரும்" என்று குணமாலா வேப்பமரத்தடியில் தூக்குகளைத் திறந்துகொண்டிருந்தார். நேமிநாதன் இலைகளை விரித்தார். பூவராகவன் போய் முதல் இலையில் உட்காரப் போனார். உட்காரும் முன், தன் தோளிலிருந்த பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து மடித்து, குணமாலாவின் பாத்திரங்களுக்குத் தூரமாக ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்துவிட்டு வந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"அடுத்த தடவ பருத்திக்கு அரக்கு எப்படி ஏத்தறதுன்னு கேட்டு வெச்சிருக்கேன்" என்றார் என்னிடம், இலையைப் பார்த்தபடியே. "வெள்ளத் துண்டு நம்ம குழுவுக்கு நல்லால்ல."

நான் பதில் சொல்வதற்குள் ஜெயப்ரியா என் தோளை இடித்தாள். தோளில் என் பட்டு, முகமெல்லாம் புழுதி.

"ஜெயிச்சிருக்கோம், நீ மரமாட்டம் நிக்கிற. டிரம்ம அடிம்மா" என்றாள்.

குச்சியை எடுத்தேன். அன்றைக்கு நான் அடித்தது பிள்ளையார்பாளையம் வரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள். தெருவே மைதானத்தில் இருந்தபோது அங்கே கேட்க யார் இருந்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.